நாலு கட்டத்துக்குள் எங்கள் வாசல்

அவரை நாங்கள் ஓனரம்மா என்றுதான் கூப்பிட்டோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மண்ணூரில் அவருடைய வீட்டை ஒட்டி வரிசையாகக் கட்டியிருந்த அறைகளில் கம்பெனி வேலைக்கு வந்த பெண்கள் நாங்கள் குடியிருந்தோம். அவர் பேர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. அவருக்கோ எங்களைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. எதையும் தன் கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி.

நானும் செல்வியும் அறை கேட்டுப் போன அன்றே அது தெரிந்துவிட்டது. நாங்கள் இருவரும் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்கள். பிளஸ் டூ முடித்த கையோடு செல்போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை கிடைத்து வந்திருந்தோம். கம்பெனி கார்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நைட்டிக்கு மேல் போட்டிருந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அத்த உள்ள வய்யி. ரெண்டு பேரும் இப்டி வெளிச்சத்துல வந்து நில்லுங்க" என்றார். நின்றோம். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். முகம், கை, செருப்பு எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, "இன்னா கண்ணு இப்டி செவந்து கெடக்குது? பஸ்ல தூங்கவே இல்லியா? போயி மொதல்ல குளி. மத்தத அப்பால பேசிக்கலாம்" என்றார்.

அவர் கணவர் ஒரகடம் ரோட்டில் லாரி அடித்துச் செத்துப்போனவர். மொபெட்டில் டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தபோது நடந்தது. லாரி நிற்கவில்லை. இதை அவர் ஒரு முறைதான் என்னிடம் சொன்னார், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. "பட்டப்பகல்ல கண்ணு. டீக்கடை கீது, பஸ் ஸ்டாப்பு கீது, அத்தினி பேரு நின்னுகினு இருந்தாங்க. யாருமே பாக்கலயாம். வண்டி நம்பர பாக்கல, கலர பாக்கல. ஒருத்தன் கூடவா பாக்கல?" கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அவருடைய கண் ஏன் அப்படி அலைகிறது என்று அதற்குப் பிறகு நான் யோசித்ததில்லை.

கேமரா வந்தது நாங்கள் குடிவந்த மறு வருஷம். பின்பக்கக் கொடியில் காயப்போட்ட துணிகள் காணாமல்போக ஆரம்பித்தன. எல்லாம் உள்ளே போடும் துணிகள். எங்களுக்கு வெளியே சொல்லவே கூச்சமாக இருந்தது. ஓனரம்மாவுக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த ஒரே மகனிடம் போனில் சத்தமாகச் சொன்னார். அவன் அங்கிருந்தே ஏற்பாடு செய்து, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு பையன் வந்து நாலு கேமரா மாட்டிவிட்டுப் போனான். கேட்டில் ஒன்று, முன்வாசலில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, பின்பக்கம் குழாயடியையும் துணிக்கொடியையும் பார்த்தபடி ஒன்று. ஓனரம்மாவின் ஹாலில் இருந்த டி.வி. நாலு கட்டமாகப் பிரிந்தது. சீரியல் பார்ப்பதை அவர் விட்டுவிட்டார்.

துணி திருட்டு அதோடு நின்றது. எங்களுக்கும் தெம்பாகத்தான் இருந்தது. ஒருநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்து நான் கதவைச் சாத்திப் படுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். கஞ்சிச் சொம்போடு ஓனரம்மா நின்றார். "டி.வி.ல பாத்தேன். உன் நடையே சரியில்ல. கேட்ட புடிச்சிகினு நின்ன பாரு, அப்பவே நெனச்சேன்" என்று நெற்றியில் கை வைத்தார். எனக்குக் காய்ச்சல் என்பதே அவர் கை பட்ட பிறகுதான் தெரிந்தது.

ஆனால் அதே கண் வேறு மாதிரியும் வரும். "நேத்து மாடிப்படில குந்திகினு போன்ல அழுதியே, இன்னாத்துக்கு?" என்று செல்வியிடம் எல்லோர் முன்னாலும் கேட்டார். செல்விக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அறைக்குள் வந்ததும், "ஏட்டி, நம்ம அழுததக்கூட டி.வி.யில போட்டுப் பாக்காவ. மூச்சு முட்டுது எனக்கு" என்றாள். ஊரில் அண்ணன் கெடுபிடி தாங்காமல்தான் அவள் வேலைக்கே வந்தாள். அப்பா இல்லாத வீடு. அண்ணன் வைத்ததுதான் சட்டம். அவன் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அப்போதுதான் எங்கள் கைக்கும் டச் போன் வந்திருந்தது. செல்வி தன் போனில் சாட் பண்ணுகிற ஒரு ஆப்பை ஏற்றியிருந்தாள். அதில் நம்பர் தெரிந்தால் யாரும் யாரையும் தேடிப் பிடித்து மெசேஜ் போடலாம். போடுகிறவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் மட்டும்தான் தெரியும், நம்பர் தெரியாது. ஒருநாள் கேன்டீனில் சாப்பிடும்போது அவள் போனை என் பக்கம் திருப்பினாள். ரோஜாப்பூ படம் போட்ட ஒருவன் எழுதியிருந்தான்: 'மஞ்சள் சுடிதார் சூப்பர்.'

அன்று அவள் மஞ்சள்தான் போட்டிருந்தாள்.

"யாருட்டி இது?"

"தெரியல. பஸ்ஸுல வார எவனாவது இருக்கும்" என்று சிரித்தாள்.

அடுத்தது 'இன்னைக்கு லேட்டா?' என்று வந்தது. அன்று ஓ.டி. பார்த்துவிட்டு நேரம் கழித்து வந்திருந்தோம். அப்புறம், 'ஃப்ரெண்டோட சண்டையா?' அன்று குழாயடியில் நானும் அவளும் ஏதோ சின்ன விஷயத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது உண்மைதான். செல்வி சிரிப்பதை நிறுத்தினாள். ஆளை பிளாக் செய்தாள். வேறு பூ படம் வைத்துக்கொண்டு மறுபடி வந்தான்.

அதற்குப் பிறகு எங்களுக்கு எல்லா ஆண்களையும் பார்த்துப் பயம். கம்பெனி பஸ் டிரைவர், லைன் லீடர், பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் போன் பேசும் காலேஜ் பையன், தண்ணி கேன் போடுகிறவன். செல்வி ஜன்னலைத் திறப்பதில்லை. மஞ்சள் சுடிதாரை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். போன் அதிர்ந்தால் அவள் தோள் தூக்கிப்போடும். லைனில் அவள் செக் பண்ணி விட்ட போர்டுகளில் தவறு வந்து சூப்பர்வைசர் திட்டினார்.

ஓனரம்மாவிடம் நான்தான் சொன்னேன். செல்விக்கு அதில் இஷ்டமில்லை. அவர் முழுதும் கேட்டார். கண் இடுங்கிப்போயிற்று. "என் வூட்டு பொண்ண எவன் பாக்கறான்? நான் புடிக்கிறேன் இரு" என்றார்.

அன்றிலிருந்து அவர் டி.வி. முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. சோற்றுத் தட்டைக் கூட அங்கேயே கொண்டுபோனார். கேட் கேமராவில் எதிரே இருந்த ரீசார்ஜ் கடை பாதி தெரியும். கடைக்காரர் முப்பது வயது ஆள், அதிகம் பேசமாட்டார். செல்வி கேட்டைத் திறந்து வெளியே வரும்போதெல்லாம் அவர் தலையைத் தூக்கிப் பார்க்கிறார் என்று ஓனரம்மா கண்டுபிடித்தார். ரீசார்ஜ் செய்ய நம்பரும் அவரிடம் கொடுத்திருந்தோம். கணக்கு சரியாகிவிட்டது.

மாலையில் ஆள் நடமாட்டம் உள்ள நேரமாகப் பார்த்து ஓனரம்மா தெருவில் இறங்கினார். "ஏண்டா, ரீசார்ஜ் பண்ண குடுக்கற நம்பர வச்சிகினு பொம்பள புள்ளைங்களுக்கு மெசேஜா போடற? பாத்துகினுதான்டா இருக்கேன். என் கண்ணால பாத்தேன்டா!"

கடைக்காரர் எழுந்து நின்றார். "அம்மா, நான் இன்னா பண்ணேன்? கேட்டு சத்தம் கேட்டா யாரா இருந்தாலும் நிமிந்து பாக்கத்தான செய்வாங்க?" என்றார். கூட்டம் கூடிவிட்டது. யாரோ அவருடைய சட்டையைப் பிடித்தார்கள். அவர் போனைப் பிடுங்கிப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. அழித்திருப்பான் என்றார்கள். அடுத்த நாள் கடை திறக்கவில்லை.

அன்று செல்வி கொஞ்சம் தூங்கினாள். இரண்டு நாள் எதுவும் வரவில்லை.

அப்புறம் படம் வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. எங்களுக்கு இரண்டாவது ஷிப்ட் என்பதால் காலையில் அறையில்தான் இருந்தோம். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். செல்வி போனைப் பார்த்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வாங்கிப் பார்த்தேன். குழாயடிக்குப் பக்கத்தில் அவள் குனிந்து தலைமுடியை உதறிக்கொண்டிருக்கிறாள். குளித்துவிட்டு வந்த ஈரம். துப்பட்டா இல்லை. மேலேயிருந்து எடுத்த படம். கீழே ஒரு வரி: 'பதில் போடலன்னா இது உன் ஊர் வரைக்கும் போகும்.'

அந்த இடத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மதில். மேலே தகரக் கூரை. பக்கத்து மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலும் தெரியாது. அதனால்தான் அங்கே நாங்கள் துப்பட்டா இல்லாமல் நிற்போம். நான் படத்தைப் பெரிதாக்கினேன். மூலையில் தேதியும் நேரமும் வெள்ளை எழுத்தில் இருந்தன. பக்கத்தில் நாலு என்ற எண். ஓனரம்மா டி.வி.யில் நாலாவது கட்டத்தில் தெரியும் அதே எழுத்து.

"அவங்கதான்" என்றாள் செல்வி. "அந்தப் பொம்பளதான் எடுத்து எவனுக்கோ குடுத்திருக்காவ."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேறு எப்படித் தோன்றும்?

ஓனரம்மா டி.வி. முன்னால் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வாசலைத் தாண்டி வருவதை அதிலேயே பார்த்திருப்பார். திரும்பாமலே, "இன்னாமா, மறுபடி வந்துச்சா?" என்றார். நான் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

பார்த்தார். டி.வி.யைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். எழுந்து டி.வி. அருகே போய், நாலாவது கட்டத்தில் தெரிந்த குழாயை விரலால் தொட்டார்.

"இது என் டி.வி.ல தெரியறது. இது எப்டி உன் போன்ல வந்துச்சு?"

"அத நீங்கதாம்மா சொல்லணும்" என்றேன்.

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "நானா? நானா கண்ணு குடுத்தேன்?" செல்வியின் பக்கம் திரும்பினார். செல்வி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வாய் திறந்தபடியே இருந்தது. அப்புறம் எதையோ யோசித்தவர் போல, கேமரா மாட்டிய பையனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். "தம்பி, என் கேமராவ எங்க வூட்ட உட்டு வெளிய யாரு பாக்க முடியும்?"

"நெட் போட்டிருக்கேம்மா. உங்க பையன்தான் கேட்டாரு. ஐ.டி.யும் பாஸ்வேர்டும் இருந்தா எந்த ஊர்லேந்தும் போன்ல பாக்கலாம். அவருக்கு மட்டும்தான் குடுத்தேன்."

ஓனரம்மா போனை வைத்தார். பிறகு மகனுடைய நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு டி.வி. ஸ்டாண்டின் மேல் வைத்தார். அங்கே வெள்ளிக்கிழமை லீவு.

"என்னம்மா, இந்நேரத்துக்கு?" மகனின் குரல் தூக்கக் கலக்கமாக இருந்தது. பின்னால் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம வூட்டு கேமரா அங்க தெரியுதா?"

"தெரியும்மா. உன்ன தெனம் பாக்கறேனே. நேத்து கூட டி.வி. முன்னாடியே சாப்டுறியான்னு கேக்கணும்னு இருந்தேன். வாசப்பக்கம் வரவே இல்லயே நீ."

"நீ மட்டும்தான் பாக்கறியா?"

மகன் தொண்டையைச் செருமினான்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"ரூம்ல பசங்க போன்லயும் போட்டு வச்சிருக்கேம்மா. நான் டூட்டில இருக்கும்போது எதுனா ஒண்ணுன்னா அவங்க பாத்து சொல்லுவாங்கல்ல. ஏம்மா?"

"அந்தப் பொண்ணு நம்பரு அவங்களுக்கு எப்டி தெரியும்?"

"எந்தப் பொண்ணு?" கேட்டுவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான். ஓனரம்மா போனை எடுக்காவிட்டால் கூப்பிடுவதற்காக எங்கள் எல்லோருடைய நம்பரையும் அவர்தான் மகனுக்குக் கொடுத்திருந்தார்.

"பொண்ணு தல காய வச்சிகினு நிக்கறத போட்டோ எடுத்து அனுப்பிகீறான்டா ஒருத்தன். ஊருக்கு அனுப்புவேன்னு மெரட்டறான். எவன்டா அது? கேளு. இப்ப கேளு, நான் லைன்லயே கீறேன்."

போனைக் கையால் பொத்திக்கொண்டான் போலிருக்கிறது. மங்கலாகக் குரல்கள் கேட்டன. நடுவில் யாரோ சிரித்தது தெளிவாகக் கேட்டது. செல்வி என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது.

"மா" என்று திரும்பி வந்தான் மகன். "அவன் சும்மா வெளாட்டுக்குப் பண்ணிட்டான். அழிக்கச் சொல்லிட்டேன். இத பெருசு பண்ணாத."

"யாரு?"

"உடும்மா."

"யாருன்னு கேட்டேன்."

அவன் குரலைத் தணித்துக்கொண்டு பேரைச் சொன்னான். ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். ஓனரம்மா அதைக் கேட்டதும் சேரின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மகனுக்குத் துபாயில் வேலை வாங்கிக் கொடுத்து, விசாவுக்கு அலைந்தவன் அவன்தான். இந்த ஹாலில் உட்கார்ந்து அவர் கையால் சாப்பிட்டுப் போனவன்.

"மா, அவன பகைச்சிகினா எனக்கு இங்க வேலயே இருக்காது. புரிஞ்சிக்கோ. அந்தப் பொண்ணுகிட்ட நான் சாரி சொல்றேன், போன குடு."

"நீ எத்தினி நாளா இத அவனுங்களோட குந்திகினு பாக்கற?"

"அசிங்கமா பேசாதம்மா. நான் உன்னத்தான் பாத்தேன்."

ஓனரம்மா போனை எடுத்து அணைத்தார். டி.வி.க்குப் பின்னால் கையை விட்டு வயர்களை இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஸ்டாண்டோடு பெட்டி கீழே விழுந்தது. நாலு கட்டமும் கறுத்துப்போயின. மூச்சு வாங்க நின்றவர், "கெளம்பு. ஸ்டேசனுக்குப் போலாம்" என்றார்.

செல்வி தலையை ஆட்டினாள். "வேண்டாம்மா. எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவான். என்னத்தான் கேப்பான், நீ ஏன் அங்க போயி நின்னேன்னு. உங்க கால்ல விழுதேன், வேண்டாம்."

ஓனரம்மா அவளைப் பார்த்தபடி நின்றார். அவர் முகத்தில் என்னென்னவோ ஓடியது. இப்படியே விட்டுவிடலாம், அந்தப் பெண்ணே வேண்டாம் என்கிறாள், மகன் வேலை பிழைக்கும். அவர் அப்படி யோசித்தாரா என்பது எனக்குத் தெரியாது. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் யோசித்திருப்பேன்.

"வூடு என்னுது. கேமரா என்னுது" என்றார். "மாட்டுனது நானு. கம்ப்ளைன்ட் என் பேர்ல. உன் பேரு எங்கயும் வராது. நீ ரூம்ல போயி படு. இவ என் கூட வரட்டும்."

போகும் முன்பு செல்வியின் போனிலிருந்த படத்தில் தலைப்பகுதியை மறைத்து இன்னொரு படமாக்கி எனக்கு அனுப்பிக்கொண்டோம். மெசேஜ்களையும் அப்படியே. ஓனரம்மாவும் நானும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். வழியில் மகனிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. மடியில் வைத்து அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஸ்டேஷன் வாசலில் இறங்கியதும் நின்றுவிட்டார். "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார். குடித்தார். பாதித் தண்ணீர், கிளம்பிய அவசரத்தில் நைட்டிக்கு மேலேயே சுற்றியிருந்த சேலையில் சிந்தியது. பிறகு உள்ளே நடந்தார்.

எஸ்.ஐ. நல்லவராகத்தான் இருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "அம்மா, பாஸ்வேர்ட் குடுத்தது உங்க பையன். அவன் பேரும் இதுல வரும். யோசிச்சுக்கோங்க. வெளிநாட்டுல இருக்கறவன், நாளைக்கு ஊருக்கு வரப் போக சிக்கல்" என்றார்.

"வரட்டும் சார்."

"பையன் நம்பர் சொல்லுங்க."

அவர் போனைப் பார்க்காமல், மனப்பாடமாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். கடைசி இரண்டு எண்ணுக்கு முன்னால் நிறுத்தினார். எஸ்.ஐ. பேனாவோடு காத்திருந்தார். ஓனரம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு அந்த இரண்டையும் சொல்லி முடித்தார்.

எஸ்.ஐ. எங்கள் முன்னாலேயே அந்த நம்பருக்குப் பேசினார். பிறகு அந்த ரூம்காரனிடமும் பேசினார். "ஊருக்கு வரணும்ல நீ? ஏர்போர்ட்ல எறங்கணும்ல?" என்று அவர் கேட்டபோது மறுமுனையில் சிரிப்பு எதுவும் கேட்கவில்லை. காஞ்சிபுரத்தில் இருக்கும் சைபர் பிரிவுக்கு மனுவை அனுப்புவதாகச் சொன்னார். அது என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. ஆனால் மெசேஜ் அன்றோடு நின்றது. செல்வியின் ஊருக்கு எதுவும் போகவில்லை.

மறுநாள் மாலை, ஆள் கூடுகிற அதே நேரத்தில், ஓனரம்மா ரீசார்ஜ் கடைக்குப் போனார். கடை திறந்திருந்தது. தெருவே கேட்கும்படி, "தம்பி, நான் தப்பா பாத்துட்டேன். தப்பு வேற எடத்துல, என் வூட்லயே கீது. நீ மன்னிக்கணும்" என்றார். கடைக்காரர் நிமிரவில்லை. ஒரு போனைக் கழற்றிக்கொண்டே இருந்தார். ஓனரம்மா நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். எங்களையெல்லாம் கூப்பிட்டு, "உங்கள கேக்காம மாட்டிட்டேன். இனிமே கேமரா கெடயாது" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மகனுக்கு வேலை போனது. வேறு கம்பெனி, வேறு ரூம் என்று அலைந்து எப்படியோ சமாளித்தான் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அம்மாவோடு அவன் பேசுவதை விட்டுவிட்டான். ஓனரம்மா அதைப் பற்றி ஒரு நாளும் எங்களிடம் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போனைக் கையிலேயே வைத்திருப்பார். குழம்பு கொதிக்கும்போதும், துணி மடிக்கும்போதும். செல்வி அதைப் பார்த்துவிட்டு, "என்னாலதான" என்பாள். "போ, போயி வேலயப் பாரு" என்பார் அவர்.

அவளிடம் அவருக்கு ஏதோ ஒரு தயக்கம் வந்துவிட்டது. முன்பு போல முகத்தை உற்றுப் பார்ப்பதில்லை. பேசும்போது பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொள்வார். செல்விக்கும் அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மீன் குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் ஓனரம்மாவுக்குக் கொண்டுபோவாள். ஆனால் கடைசி வரைக்கும் பின்பக்கக் குழாயடியில் அவள் தலை காயவைக்கவில்லை. கேமரா இருந்த இடத்தில் ஆணியும் ஓட்டையும் மட்டும்தான் இருந்தன. தெரிந்தும் போகமாட்டாள்.

கம்பெனியில் லைன் லைனாக மூடத் தொடங்கினார்கள். ஆட்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். எங்கள் முறையும் வந்தது. ஊருக்குக் கிளம்பிய அன்று செல்வி முதலில் ஆட்டோவில் ஏறிவிட்டாள். நான் சாவியைக் கொடுக்க உள்ளே போனேன். ஓனரம்மா சாவியை வாங்கிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கண்ணு, ஒண்ணு கேக்கணும். அழிச்சிட்டேன்னு சொன்னானுங்களே, அந்தப் படம். போன்ல அழிச்சா நெஜமாவே அழிஞ்சிடுமா? வேற எங்கயும் இருக்காதா?"

எத்தனை நாளாக இதை மனசுக்குள் வைத்திருந்தாரோ. பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலம்மா" என்றேன். "இருந்தாலும் இருக்கும்."

தலையை ஆட்டினார். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ஓனரம்மா என் கையை விட்டுவிட்டு, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவகிட்ட மட்டும் அழிஞ்சிடுச்சின்னு சொல்லு" என்றார்.